காலையில் போனால் எனக்கு ஒன்றுமில்லை

என்னுடைய நோய்க்கு ஒரு பழக்கம், அது சாயங்காலம்தான் வரும். ராத்திரி நன்றாகத் தூங்கி எழுந்தால் காலையில் முகம் முகமாக இருக்கும், குரல் கணீரென்று இருக்கும். நான் டாக்டர்களைப் பார்க்கப் போனதெல்லாம் காலையில். அதுவும் லீவு போட்டு, முந்தின நாள் சீக்கிரமே படுத்து, காத்திருக்கும் அறையில் ஒன்றரை மணி நேரம் யாரிடமும் பேசாமல் கண்ணை மூடி உட்கார்ந்திருந்து, அப்புறம்தான் உள்ளே போவேன். உள்ளே போனால் எனக்கு ஒன்றுமே இருக்காது. இது எனக்கும் உறைக்கவில்லை, என்னைப் பார்த்தவர்களுக்கும் உறைக்கவில்லை, 4 வருடம் போய்விட்டது.

நான் தமிழ் டீச்சர். நாளைக்கு ஆறு பீரியடு பேசுகிற வேலை. அதனால் முதலில் மாட்டியது குரல்தான். கடைசி பீரியடில் செய்யுளைப் படித்துக்கொண்டே வரும்போது சொற்கள் மூக்கு வழியாகப் போக ஆரம்பிக்கும், ழகரமும் ளகரமும் குழைந்து ஒன்றாகிவிடும், வாய்க்குள் யாரோ பஞ்சை அடைத்த மாதிரி இருக்கும். ‘வாழ்க்கை’ என்று சொல்ல வராமல் ஒரு தமிழ் டீச்சர் கரும்பலகைக்கு முன்னால் நிற்பதை யோசித்துப் பாருங்கள். பின் பெஞ்சில் ஒருவன் சிரித்தான். அவனைத் திட்டக்கூட நாக்கு ஒத்துழைக்கவில்லை. பத்து நிமிடம் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தால் சரியாகிவிடும். சரியாகிவிடுகிறதே என்று நானும் விட்டுவிட்டேன்.

அப்புறம் தாடை. சாப்பிட உட்கார்ந்தால் முதல் பாதி நன்றாகப் போகும், பாதிக்கு மேல் மெல்ல முடியாது. கையை மோவாய்க்குக் கீழே முட்டுக் கொடுத்து, கையாலேயே தாடையை மேலே தள்ளிச் சாப்பிட்டிருக்கிறேன். அப்புறம் சிரிப்பு. கல்யாண வீட்டில் போட்டோ எடுக்கும்போது அக்கா, “ஏண்டி, சிரிக்கச் சொன்னா முறைக்கிற?” என்றாள். நான் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன், உதட்டோரம் மேலே ஏறவில்லை, அவ்வளவுதான். அப்புறம் இரட்டைப் பார்வை. படிக்கட்டில் இறங்கும்போது கைப்பிடி இரண்டாகத் தெரியும், எதைப் பிடிப்பது என்று தெரியாமல் காற்றைப் பிடித்திருக்கிறேன். ஒரு கண்ணை மூடினால் ஒன்றாகிவிடும். இந்தக் கடைசி விஷயம் ரொம்ப முக்கியமான தடயம் என்று இப்போது தெரிகிறது. ஒரு கண்ணை மூடியதும் சரியானால் பெரும்பாலும் கோளாறு கண்ணுக்குள் இல்லை, இரண்டு கண்களும் சேர்ந்து ஒரே இடத்தைப் பார்க்காததில் இருக்கிறது. அப்போது எனக்கு அது ஒரு வசதி, அவ்வளவுதான். ஒரு கண்ணை மூடிக்கொண்டு விடைத்தாள் திருத்துவேன்.

பார்த்த டாக்டர்களை வரிசையாகச் சொன்னால் அலுத்துவிடும், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். தொண்டைக்கு ஒருவர், குழாய் விட்டுப் பார்த்து குரல்நாண் அருமையாக இருக்கிறது என்றார். கண்ணுக்கு ஒருவர், கண்ணாடியை மாற்றினார், மாற்றிய கண்ணாடியிலும் சாயங்காலம் இரண்டாகவே தெரிந்தது. தாடைக்காகப் பல் டாக்டர், ராத்திரி பல்லைக் கடிக்கிறீர்களா என்றார். தைராய்டு, ரத்தசோகை, பி12, வைட்டமின் டி எல்லாம் பார்த்தாயிற்று. டி குறைவாக இருந்தது, அதற்கு மாத்திரை. தலைக்கு எம்ஆர்ஐ இரண்டு தடவை, இரண்டு தடவையும் நார்மல். ஏழாவது ஆளா எட்டாவது ஆளா ஞாபகமில்லை, வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்று கேட்டார். இல்லை என்றேன். ரொம்ப யோசிப்பீர்களோ என்றார். நான்கு வருடமாக நாக்கு குழறினால் யார்தான் யோசிக்க மாட்டார்கள்?

‘நார்மல்’ என்ற சொல்லைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். உடம்பு சரியில்லாதவருக்கு ரிப்போர்ட் நார்மல் என்று வரும்போது சந்தோஷம் வராது. வெளியில் சொல்ல முடியாத ஒரு ஆசை வரும், ஏதாவது ஒன்று தப்பாக இருந்துவிடக் கூடாதா என்று. அம்மாவிடம் இதைச் சொன்னபோது வாயைக் கழுவு என்றாள். ஆனால் இதில் இருப்பவர்களுக்குப் புரியும். ஒவ்வொரு நார்மலும் ஒரு கதவைச் சாத்துவது மட்டுமில்லை, நாம் சொன்னது பொய் என்று சொல்லாமல் சொல்கிற மாதிரி இருக்கும். வீட்டிலும் மெல்ல மெல்ல ஒரு மாற்றம் தெரியும். முதல் வருடம் “என்ன ஆச்சு?” என்று கேட்டவர்கள், மூன்றாம் வருடம் “இன்னிக்குமா?” என்று கேட்பார்கள்.

நார்மல் இல்லை என்று வந்ததும் வேறு விதமாக அலைக்கழித்தது. ஒரு பரிசோதனையில் ஏஎன்ஏ என்கிற ஒன்று, நம் செல்களையே குறிவைக்கும் ஆன்டிபாடி, லேசாகப் பாசிட்டிவ் என்று வந்தது, 1:80 அளவில். உடம்பே உடம்பைத் தாக்கும் லூபஸ் நோயாக இருக்குமோ என்று எட்டு மாதம் அதன் பின்னால் ஓடினேன், மூட்டு டாக்டர், தோல் டாக்டர், சிறுநீரகத்துக்கான பரிசோதனைகள் என்று. எந்த நோயும் இல்லாதவர்களிலேயே 100க்கு 13 பேருக்கு அந்த அளவில் பாசிட்டிவ் வரும் என்பது அப்புறம்தான் தெரிந்தது. பொதுவாகவே ரிப்போர்ட்டில் பக்கத்தில் போட்டிருக்கும் அந்த ‘நார்மல் அளவு’ எப்படி வருகிறது தெரியுமா? நன்றாக இருப்பவர்களை அளந்து, நடுவில் இருக்கும் 95 சதவீதத்தை வைத்துக்கொண்டு, இரண்டு ஓரத்தையும் வெட்டிவிடுவார்கள். ஆக, முழு ஆரோக்கியமாக இருக்கும் 20 பேரில் ஒருவர் வரையறையிலேயே ‘நார்மல் இல்லை’. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத 20 பரிசோதனைகளை ஒரே ஆளுக்குச் செய்தால், அவர் கல்லு மாதிரி இருந்தாலும் ஏதாவது ஒன்றில் தப்பு வருவதற்கு 64 சதவீதம் வாய்ப்பு. கணக்கு எளிதுதான், 0.95ஐ இருபது தடவை பெருக்கி ஒன்றிலிருந்து கழித்துப் பாருங்கள். அதனால் “எல்லா டெஸ்டும் எடுத்துப் பார்த்துடலாம் டாக்டர்” என்று கேட்பது எப்போதும் புத்திசாலித்தனம் இல்லை. நான் கேட்டிருக்கிறேன். எட்டு மாதம் போனது அப்படித்தான்.

என் பக்கத்துத் தப்பையும் சொல்லிவிடுகிறேன். உள்ளே போய் உட்கார்ந்ததும் என் முதல் வாக்கியம், “ரொம்ப டயர்டா இருக்கு டாக்டர்.” அந்த ஒரு சொல்லில் கதை முடிந்தது. களைப்பு யாருக்குத்தான் இல்லை? டாக்டருக்கே இருக்கும். நான் சொல்லியிருக்க வேண்டியது களைப்பு இல்லை. முதல் பீரியடில் பேச முடிகிறது, ஆறாவதில் முடிவதில்லை, பத்து நிமிடம் ஓய்வெடுத்தால் திரும்பவும் முடிகிறது, இதைத்தான். உபயோகிக்க உபயோகிக்கத் தசை கைவிடுவதும், விட்டால் மீள்வதும் வேறு சமாச்சாரம். அசதி, சோர்வு, களைப்பு என்று நம்மிடம் எத்தனையோ சொற்கள் இருந்தும் இதைச் சொல்ல ஒரு சொல் கிடைக்காமல் ‘டயர்ட்’ என்றேன், தமிழ் டீச்சர்.

அதைத் தாண்டிச் சொல்ல நேரமும் கிடைக்கவில்லை என்பது வேறு. 1984இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு செய்தார்கள், நோயாளி தன் பிரச்சினையைச் சொல்ல ஆரம்பித்ததும் டாக்டர் சராசரியாக 18 விநாடியில் குறுக்கிடுகிறார் என்று. 18 விநாடி எவ்வளவு என்று பார்க்க ஒரு நாள் கடிகாரத்தை வைத்துக்கொண்டு என் கதையைச் சொல்லிப் பார்த்தேன். ‘டயர்டா இருக்கு’ தாண்டி, குரல் வரைக்கும் போக முடிந்தது. தாடை வரவில்லை.

டாக்டர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் புலம்பல் ஆகிவிடும். குளம்புச் சத்தம் கேட்டால் குதிரை என்று நினை, வரிக்குதிரை என்று நினைக்காதே என்று மருத்துவ மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பார்கள். 1940களில் மேரிலாந்தில் கற்பித்த தியோடர் வுட்வர்ட் சொன்னது என்பார்கள். நல்ல அறிவுரைதான். களைப்பு என்று வரும் நூறு பேரில் ரத்தசோகையும் தைராய்டும் தூக்கமின்மையும் மனச்சோர்வும்தான் அதிகம் இருக்கும், எனக்கு இருந்தது லட்சம் பேரில் 15, 20 பேருக்கு வருவது. முதல் டாக்டர் அதை யோசிக்கவில்லை என்று எனக்குக் கோபமே இல்லை. குதிரை இல்லை என்று நான்கு தடவை தெரிந்த பிறகும் ஐந்தாவது ஆளும் லாயத்திலேயே தேடினாரே, அதில்தான் கோபம். அதற்கு ஒரு காரணம் ஃபைல். ஒருவர் ‘மன அழுத்தம்?’ என்று கேள்விக்குறியோடு எழுதினார். அடுத்தவர் எழுதும்போது கேள்விக்குறி விழுந்துவிட்டது. அதற்கடுத்தவர் என் முகத்தைப் பார்க்கும் முன்பே அதைப் படித்தார்.

இடையில் ஒரு தடவை சளி, காய்ச்சல். ஒரு ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். மூன்றாவது நாள் தண்ணீர் விழுங்க முடியவில்லை, மூக்கு வழியாகத் திரும்பி வந்தது, தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியவில்லை. மாத்திரை முடிந்த பிறகு சில நாட்களில் பழையபடி ஆனேன். காய்ச்சல் பலவீனம் என்றார்கள். ஃப்ளோரோகுயினலோன் என்ற வகை மருந்து அது. எனக்கிருந்த நோயில் அந்த வகை தசை பலவீனத்தை மோசமாக்கும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2011இலேயே கட்டம் கட்டி எச்சரிக்கை போட்டிருக்கிறது. அந்த மூன்று நாளை யாராவது உட்கார்ந்து யோசித்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். நானே யோசிக்கவில்லை. அடுத்த டாக்டரிடம் அதைச் சொல்லக்கூட இல்லை, சளிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று.

மனசு என்று சொல்லப்பட்டதைப் பற்றி. நான் இதில் கொஞ்சம் ஜாக்கிரதையாகப் பேச வேண்டும், ஏனென்றால் என்னை மாதிரி நோய்க்கு ஒரு பெயர் கிடைத்தவர்கள் செய்கிற ஒரு அல்பத்தனம் உண்டு, “பாத்தீங்களா, எனக்கு நிஜமாவே நோய், மனசு இல்ல” என்று. மனசு என்றால் நிஜமில்லை என்ற மாதிரி. 1965இல் எலியட் ஸ்லேட்டர் என்ற மனநல மருத்துவர், லண்டனில் ‘ஹிஸ்டீரியா’ என்று முத்திரை குத்தப்பட்ட 85 பேரைத் தொடர்ந்து பார்த்து, அவர்களில் பலருக்குப் பின்னாளில் வேறு நோய் இருந்தது தெரியவந்ததாக எழுதினார். அது பெரிய அதிர்ச்சி. ஆனால் 1970களுக்குப் பிறகு வந்த ஆய்வுகளை எல்லாம் சேர்த்து 2005இல் பார்த்தபோது, அந்த மாதிரி தப்பு சுமார் 4 சதவீதமாகக் குறைந்திருந்தது. காரணம், இப்போது நரம்பியல் டாக்டர்கள் செயல்பாட்டுக் கோளாறு (நரம்பில் சேதம் இல்லை, அது இயங்கும் விதத்தில்தான் கோளாறு) என்று சொல்வதற்கு அதற்கான அடையாளங்களைத் தேடிப் பார்த்துச் சொல்கிறார்கள். ஹூவர் அடையாளம் என்று ஒன்று: பலவீனமான காலை நேரடியாகக் கீழே அழுத்தச் சொன்னால் அழுத்த வராது, மற்ற காலைத் தூக்கச் சொல்லும்போது அதே கால் தானாகக் கீழே பலமாக அழுத்தும். அது ஒரு கண்டுபிடிப்பு. அதற்குச் சிகிச்சை உண்டு, அந்த ஆளும் நடிக்கவில்லை. எனக்கு நடந்தது அது இல்லை. எனக்கு யாரும் எதையும் அழுத்திப் பார்க்கவில்லை. ஸ்கேன் நார்மல், ஆகவே மனசு. இதைக் கண்டுபிடிப்பு என்று சொல்லக் கூடாது, கைகழுவல் என்று சொல்லலாம்.

மூன்றாம் வருடத்தில் ஒருவர் கிட்டத்தட்ட பிடித்துவிட்டார். நரம்பியல் டாக்டர், இளைஞர். ரத்தத்தில் ஒரு ஆன்டிபாடி பார்க்கச் சொன்னார், கையில் நரம்பைத் திரும்பத் திரும்ப மின்சாரத்தால் தட்டிப் பார்க்கும் சோதனையும் செய்தார். ரத்தம் நெகட்டிவ். மின்சோதனை காலை ஒன்பதரைக்கு, நான் ஓய்வாக வந்து படுத்த நேரத்தில், நார்மல். அந்த நோயின் பெயருக்குக் குறுக்கே ஒரு கோடு விழுந்தது. அதற்கப்புறம் எங்கே போனாலும் “அது பார்த்தாச்சு, இல்லை” என்று ஆகிவிட்டது. பரிசோதனை இல்லை என்று சொன்னால் நோய் இல்லை என்று நானும் நம்பினேன். கண்ணோடு நிற்கும் வகையில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு அந்த ஆன்டிபாடி நெகட்டிவாகவே வரும், உடம்பெங்கும் பரவிய வகையிலும் 15 சதவீதம் பேருக்கு வராது என்பதெல்லாம் அப்போது யார் சொன்னார்கள்?

கடைசியில் கிடைத்தது தற்செயலாக. காலை நேரம் எதுவும் இல்லை, சாயங்காலம் ஏழு மணிக்குத்தான் இடம் இருக்கிறது, அதுவும் கடைசி ஆளாக என்றார்கள். அன்றைக்கு லீவும் கிடைக்கவில்லை. ஆறு பீரியடு முடித்து நேராகப் போனேன். டாக்டர், வயதான அம்மா ஒருவர். நான் பேச ஆரம்பித்தேன், இரண்டு நிமிடத்தில் குரல் மூக்குக்குப் போய்விட்டது, வெட்கமாக இருந்தது, நிறுத்திவிட்டேன். அவர், “நிறுத்தாதீங்கம்மா, பேசிட்டே இருங்க” என்றார். என்னத்தைப் பேச என்றேன். ஒன்றிலிருந்து ஐம்பது வரை எண்ணச் சொன்னார். முப்பத்தேழில் குழறியது.

அப்புறம் கூரையில் மின்விசிறி இருந்த இடத்தைக் காட்டி, தலையைத் தூக்காமல் கண்ணால் மட்டும் அதையே பார்க்கச் சொன்னார். ஒரு நிமிடம். மின்விசிறி முதலில் இரண்டாயிற்று, அப்புறம் பாதியாயிற்று, அப்புறம் தெரியவே இல்லை, ஏனென்றால் என் இடது இமை திரை மாதிரி இறங்கிவிட்டிருந்தது. அவர் ஒரு சின்ன ஸ்கேலை வைத்துக் கண் திறப்பை அளந்தார். உதவிக்கு இருந்த பெண்ணிடம் ஐஸ் கேட்டார். அது ஏதோ மருந்து வைக்கிற பெட்டியில் இருந்து வந்தது, ரப்பர் கையுறையில் போட்டு முடிச்சுப் போட்டு, மூடிய இமையின் மேல் இரண்டு நிமிடம் வைத்தார். நீர் கன்னத்தில் வழிந்து ஜாக்கெட் கழுத்து நனைந்தது. எடுத்ததும் கண்ணைத் திறக்கச் சொன்னார். இமை மேலே போய் நின்றது. மறுபடி ஸ்கேல். மூன்று மில்லிமீட்டர் ஏறியிருக்கிறது என்று கூட வந்திருந்த அக்காவிடம் காட்டினார். 4 வருடம், இரண்டு எம்ஆர்ஐ, ஒரு கையுறை ஐஸ்.

மயஸ்தீனியா கிராவிஸ் என்று பெயர். நரம்பு தசையிடம் ‘சுருங்கு’ என்று சொல்வது அசிட்டைல்கோலின் என்ற பொருளை விட்டுத்தான், தசையில் அதை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகளை நம் உடம்பின் பாதுகாப்புப் படையே தாக்கிவிடுகிறது. நரம்பு முதலில் நிறைய விடும், அதனால் குறைந்த ஏற்பிகளை வைத்தே சமாளிக்கலாம். திரும்பத் திரும்ப விட விட ஒவ்வொரு தடவையும் அளவு குறையும், ஒரு கட்டத்தில் சொன்னது கேட்காது. ஓய்வெடுத்தால் மறுபடி சேரும். குளிரில் அந்தப் பொருளைச் சிதைக்கும் நொதி மெதுவாக வேலை செய்யும், அதனால் ஐஸ் வைத்தால் இமை ஏறுகிறது. ஒற்றைத் தசையிழை அளவில் பார்க்கும் மின்சோதனையைப் பிறகு சாயங்காலத்தில் வைத்துச் செய்தார்கள், அதில் தெளிவாகத் தெரிந்தது. ரத்தப் பரிசோதனை மட்டும் இன்றைக்கும் நெகட்டிவ்தான்.

வீட்டுக்கு வந்து படித்தபோது ஒன்று கண்ணில் பட்டது. 1672இல் தாமஸ் வில்லிஸ் என்ற ஆங்கில மருத்துவர் ஒரு பெண்ணைப் பற்றி எழுதியிருக்கிறார். நல்லவள், நேர்மையானவள், ஆனால் நீண்ட நேரமோ வேகமாகவோ பேசினால் பேச்சு நின்று மீனைப் போல ஊமையாகிவிடுவாள், ஒன்றிரண்டு மணி நேரம் கழித்துத்தான் குரல் திரும்பும் என்று. மருத்துவப் புத்தகத்தில் ‘நேர்மையானவள்’ என்று எதற்கு எழுத வேண்டும்? அவளையும் யாரோ நடிக்கிறாள் என்று சொல்லியிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றியது. அவர் அவள் பேசி முடித்து ஊமையாகும் வரை கூட இருந்து பார்த்திருப்பார், அதையும் யோசித்துப் பார்த்தேன். மருந்து வர 1934 ஆயிற்று. மேரி வாக்கர் என்ற டாக்டர், லண்டனில் ஒரு சாதாரண மருத்துவமனையில் வேலை செய்தவர், இந்த நோயாளிகள் தசைகளை முடக்கும் கியூராரே விஷம் ஏறியவர்களைப் போல இருப்பதைக் கவனித்து, அந்த விஷத்துக்கு முறிவான பிசோஸ்டிக்மினைக் கொடுத்துப் பார்த்தார். நான் இன்று சாப்பிடும் பைரிடோஸ்டிக்மின் அதற்கு உறவுக்காரன்தான்.

இந்த நேரம் தவறும் விளையாட்டு என் நோய்க்கு மட்டும் உரியதில்லை என்பது அப்புறம் மெல்லத் தெரிந்தது. படபடப்பு வந்து போகிறவர்களுக்கு ஈசிஜி எடுக்கும்போது இதயம் சமர்த்தாக இருக்கும், அதனால்தானே துடிப்பைப் பதிவு செய்துகொண்டே இருக்கும் ஹோல்டர் என்ற கருவியை மார்பில் ஒட்டி வீட்டுக்கு அனுப்புகிறார்கள். மாதத்துக்கு ஒரு தடவை வருகிறவர்களுக்கு அதுவும் போதாது, தோலுக்கடியில் சின்னதாக ஒன்றை வைத்து வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். எழுந்து நின்றால் தலை சுற்றுகிற பாட்ஸ் என்ற கோளாறில், பெரியவர்களுக்கு நின்ற 10 நிமிடத்துக்குள் நாடித்துடிப்பு இருந்ததைவிட நிமிடத்துக்கு 30க்கு மேல் கூடி அப்படியே நிற்கும். நாடி பார்ப்பது நாற்காலியில் உட்கார வைத்து. போர்ஃபிரியா என்ற ஒன்றில் தாங்க முடியாத வயிற்றுவலி வரும், ஸ்கேனில் ஒன்றும் இருக்காது, குடல்வாலை எடுத்தவர்கள்கூட உண்டு. வலி வந்திருக்கும்போதே சிறுநீரைப் பிடித்து, வெளிச்சம் படாமல் கொண்டுபோய்க் கொடுத்தால் தெரியும். வலி போன பிறகு கொடுத்தால் தெரியாமல் போகலாம்.

எல்லாருக்கும் இப்படிக் கடைசி ஆளாகப் போய்ப் பெயர் கிடைத்துவிடாது, அதையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் 2008இல் இதற்கென்றே தேசிய சுகாதார நிறுவனத்தில் ஒரு திட்டம் தொடங்கினார்கள், எங்கும் கண்டுபிடிக்க முடியாதவர்களுக்காக. பின்னால் அது பல மருத்துவமனைகள் சேர்ந்த வலையமைப்பாக வளர்ந்தது. 2018இல் கணக்குக் கொடுத்தார்கள்: முழுமையாகப் பரிசோதித்த 382 பேரில் 132 பேருக்குப் பெயர் கிடைத்தது. 35 சதவீதம். உலகின் சிறந்த மூளைகள், மரபணு வரிசை முழுக்கப் படிக்கும் வசதி, எல்லாம் இருந்தும் மூன்றில் இரண்டு பேர் வெறுங்கையோடுதான் போனார்கள். ஆனால் அந்த 132இல் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது ஒரு சின்ன எண்ணை: 15 பேருக்குப் பெயர் கிடைத்தது மரபணு வரிசையால் இல்லை, மருத்துவப் பரிசீலனையில் மட்டுமே. ஃபைலைப் பொறுமையாகப் படித்து, ஆளைப் பார்த்து யோசித்ததில்.

என்ன செய்யலாம் என்று என்னிடம் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள், நான் டாக்டர் இல்லை. எனக்கு உதவியிருக்கக்கூடியதைச் சொல்கிறேன். தடித்த ஃபைலை நீட்டாதீர்கள், அதைப் படிக்க யாருக்கும் நேரமில்லை, படித்தால் கேள்விக்குறி விழுந்த வாக்கியத்தைத்தான் படிப்பார்கள். ஒரே பக்கத்தில் தேதி போட்டு எழுதுங்கள், எது எப்போது ஆரம்பித்தது, எதைச் செய்தால் கூடுகிறது, எதில் குறைகிறது, எந்த மருந்து சாப்பிட்ட வாரத்தில் என்ன ஆயிற்று. ‘டயர்ட்’ மாதிரிச் சொற்களை விட்டுவிட்டு என்ன செய்ய முடியவில்லை என்று சொல்லுங்கள்: தலை சீவும்போது பாதியில் கை இறங்குகிறது, இரண்டாவது மாடியில் கால் மடங்குகிறது. டாக்டர் ஒரு பெயரைச் சொன்னால், நான் சொன்னதில் எது இதற்குப் பொருந்தவில்லை என்று கேளுங்கள், சண்டைக்காக இல்லை, சும்மா. நோய் எப்போது வருமோ அந்த நேரத்துக்கு இடம் கேளுங்கள், கிடைக்காவிட்டால் அந்த நேரத்தைப் போனில் பிடித்துக் கொண்டுபோங்கள். மூச்சு வாங்கினாலோ விழுங்க முடியாமல் போனாலோ மட்டும் படம் எடுத்துக்கொண்டிருக்காதீர்கள், அவசரப் பிரிவுக்கு ஓடுங்கள். நான் அந்த ஆன்டிபயாடிக் வாரத்தில் வீட்டிலேயே படுத்திருந்தது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

பெயர் தெரிந்த அன்றைக்கு நான் அழவில்லை, அக்காதான் அழுதாள், “முறைக்கிறன்னு சொன்னேனேடி” என்று. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, வாழ்நாள் முழுக்க இருக்கப்போகிற நோய் ஒன்றின் பெயரைக் கேட்டுச் சந்தோஷப்பட்டேன். கோபம் ஒரு மாதம் கழித்துத்தான் வந்தது, மாத்திரை வேலை செய்த ஒரு சாயங்காலத்தில், ஆறாவது பீரியடில் ‘வாழ்க்கை’ என்று சுத்தமாகச் சொன்னபோது. இவ்வளவுதானா என்று. பின் பெஞ்சில் சிரித்தவன் அதற்குள் பள்ளியை முடித்துப் போயிருந்தான்.

இன்னமும் தினம் இரண்டு படம் எடுக்கிறேன், காலை ஏழு மணிக்கு ஒன்று, ராத்திரி ஒன்பதுக்கு ஒன்று, அதே சுவர், அதே வெளிச்சம். மருந்தின் அளவை மாற்ற டாக்டருக்கு அது உதவுகிறது. போன வாரம் போனில் இடம் போதவில்லை என்று ஒரு அறிவிப்பு வந்தது. ஒரே மாதிரி படங்கள் 214 இருக்கின்றன, அழித்துவிடவா என்று கேட்டது. இடது இமையைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வேண்டாம் என்று அழுத்தினேன்.